நிற்கத் தெரியாத எஞ்சின்

ஓடுவதைவிட நிற்பதுதான் கஷ்டம் என்று ஓர் எஞ்சினைப் பற்றிச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். எங்கள் ஸ்வாலோ அப்படித்தான் இருந்தது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை அதன் அச்சோடு பிணைத்திருந்தார்கள். சக்கரம் சுற்றினால் பம்பு அடிக்கும். சக்கரம் நின்றால் பம்பும் நின்றுவிடும். ஆனால் நெருப்பு நிற்காது. தண்ணீர் கொதித்துக் குறைந்துகொண்டே இருக்கும். அதனால் ஆற்றுத் துறையில் கரி இறக்கக் காத்திருக்கும்போது வண்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் இருநூறு கஜம் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பேன். படகுக்காரர்கள் பார்த்துவிட்டு, என் பெயரைச் சொல்லி, காவன் டாட்ஸ் எஞ்சினுக்கு வயிற்றுவலி, உலாத்திக்கொண்டிருக்கிறான் என்பார்கள்.

நானும் அந்த மாதிரி ஆள்தான் என்பாள் என் மனைவி இசபெல். வாயைத் திறக்கவும் மாட்டான், ஓரிடத்தில் உட்காரவும் மாட்டான் என்று தன் அண்ணனிடம் சொல்லிக் குறைபட்டுக்கொள்வாள். அவள் அண்ணன் ரால்ஃப் அதற்கு நேர்மாறு. நிறையப் பேசுவான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான்.

ரால்ஃப் ஓட்டியது ஹெக்டரை. அது பழைய எஞ்சின். பாய்லருக்குள்ளே ஒரே ஒரு பெரிய குழாய், ஆள் தவழ்ந்து போகலாம். நெருப்பு அதற்குள்ளேயே எரிந்து, வளைந்து திரும்பி வந்து, புகைபோக்கிக்குப் போகும். காலையில் பற்றவைத்தால் ஆவி ஏற மதியம் ஆகிவிடும் என்று கேலி செய்வோம். ஆனால் அதன் வயிறு பெரியது. ஒருமுறை நிரப்பினால் மூன்று மணி நேரம் கவலையில்லாமல் நிற்கும். ஸ்வாலோவுக்குள் தொண்ணூறு செப்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன்தான். வேலை முடிந்த ஆவியைக் குறுகலான வாய் வழியாகப் புகைபோக்கிக்குள் பீய்ச்சிவிடுவார்கள். அந்த வேகம் நெருப்பைத் தொண்ணூறு குழாய்களுக்குள்ளும் இழுக்கும். எஞ்சின் வேகமாக ஓட ஓட நெருப்பு அதிகம் எரியும், நெருப்பு எரிய எரிய எஞ்சின் இன்னும் வேகமாக ஓடும். முதல் நாள் அதைக் கையில் பிடித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்காகத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தேன் போல.

எனக்கு அது கிடைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அந்த வியாழக்கிழமை.

எங்கள் பாதை ஒற்றைப் பாதை. மேலே சுரங்கங்கள், கீழே ஆறு. நடுவே அரை மைலுக்கு ஒரு ஒதுக்குப் பாதை. இரண்டு ஒதுக்குப் பாதைகளுக்கு மத்தியில் ஒரு நடுக் கம்பம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் எவன் கம்பத்தை முதலில் தாண்டினானோ அவனுக்கு வழி. மற்றவன் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். எழுதியிருந்தது இவ்வளவுதான். எழுதாத ஒன்றும் உண்டு. மலை வளைவுக்கு அப்பால் எதிராளியின் புகை தெரிந்துவிட்டால் போதும், எந்த டிரைவரும் ஆவிக் கைப்பிடியை முழுக்கத் திறந்துவிடுவான். மெதுவாகப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறவன் எங்களில் ஒருவனும் இல்லை. இதனால் ஜனவரியில் இரண்டு பேர் மண்வாரியால் அடித்துக்கொண்டார்கள். சூப்பிரண்டு லாங்ஸ்டாஃப் புதிய உத்தரவு போட்டார்: கம்பத்தைத் தாண்டாமலே தாண்டியதாகச் சொல்லி வழிமறித்து நிற்பவன் அன்றைக்கே எஞ்சினைவிட்டு இறங்க வேண்டும். நின்றுவிட்டுப் பிறகு பின்வாங்கினால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

அந்தக் குளிர்காலத்தில் பனி உருகி வெள்ளம் வந்தபோது மூன்றாவது வளைவின் நடுக் கம்பம் சாய்ந்து, உருண்டு, கீழே ஓடைக்குள் கிடந்தது. தண்டவாளம் பார்க்கும் பார்னபி அதைத் தூக்கி நட வேண்டும் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குழியைச் சேறும் சாம்பலும் மூடிவிட்டன. அதனால் என்ன, கம்பம் எங்கே இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வியாழன் காலை பத்து மணி இருக்கும். இருபது வண்டிச் சுண்ணாம்புக் கல்லோடு நான் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். கரி போடும் சைலஸ்தான் முதலில் பார்த்தான்.

"அண்ணே, புகை. உங்க மச்சான்தான். அந்தக் கறுப்பு வேற எவனுக்கும் வராது."

என் கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று. ஸ்வாலோ பாய்ந்தது. வளைவில் புகையும் ஆவியும் முகத்தில் அடித்தன. ஓடை, வேலி, ஒற்றை மரம். மரத்துக்கு அடுத்தது கம்பம் இருந்த இடம். தாண்டிவிட்டேன் என்று நினைத்த அதே நொடியில் எதிரே ஹெக்டரின் புகைபோக்கி எழுந்து நின்றது. ஆவியை எதிர்ப்பக்கம் திருப்பினேன். பின்னால் சைலஸ் வண்டிகளுக்கு ஓடி பிரேக்குகளின் மேல் ஏறிக் குதித்தான். ரால்ஃபும் அதையேதான் செய்திருக்க வேண்டும். இரண்டு எஞ்சின்களும் முட்டாமல் நின்றன. சைலஸ் தன் மண்வாரியை இரண்டு மூக்குகளுக்கும் நடுவே நீட்டிப் பார்த்தான். நான்கடி நீள வாரி. இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு நின்றது.

"கடவுளே, இதுக்குள்ள ஒரு ஆள் மாட்டியிருந்தா ரொட்டிக்கு நடுவுல வெச்ச பன்றிக்கறிதான்," என்றான்.

ரால்ஃப் இறங்கி வந்தான். கோபமே இல்லை. வழிதவறிய மாட்டைத் தேடி வருகிறவனைப் போல வந்தான்.

"பின்னால போ மச்சான். கம்பம் எனக்குப் பின்னால இருக்கு."

"எனக்குப் பின்னால," என்றேன்.

"எங்க, காட்டு."

காட்ட ஒன்றும் இல்லை. சேறுதான் இருந்தது. மரத்திலிருந்து எத்தனை எட்டு என்று அவன் ஒரு கணக்குச் சொன்னான். நான் வேறொரு கணக்குச் சொன்னேன். இருவருமே சத்தியம் செய்யத் தயாராக இருந்தோம். அப்போதே ஒருவன் சிரித்துவிட்டுப் பின்னால் போயிருக்கலாம். ஆனால் நின்றாகிவிட்டது. உத்தரவு இருவரின் தலைக்கு மேலும் தொங்கிக்கொண்டிருந்தது. இனி பின்னால் போகிறவன் பொய்யன். பொய்யனுக்கு எஞ்சின் இல்லை.

ரால்ஃப் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஸ்வாலோவின் வயிற்றைப் பார்த்தான். திரும்பிப் போய், ஹெக்டரின் முன்கட்டையில் ஏறி உட்கார்ந்து, துணியை அவிழ்த்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். அவன் என்ன செய்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவனால் உட்கார முடியும். என்னால் முடியாது. அவன் காத்திருந்தாலே போதும்.

பாய்லரின் முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிறிய குழாய்கள் இருக்கும். திறந்தால் தண்ணீர் வந்தால் தண்ணீர் அதுவரை இருக்கிறது, ஆவி வந்தால் இல்லை. நின்ற கால் மணி நேரத்தில் மேல் குழாயில் ஆவி வந்தது. நெருப்புப் பெட்டியின் கூரையில் ஓர் ஈய அடைப்பு உண்டு. தண்ணீர் கூரைக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, ஆவி உள்ளே பாய்ந்து நெருப்பை அணைத்துவிடும். பாய்லர் வெடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. வெடிக்காது. ஆனால் எஞ்சின் செத்த இரும்பாக நிற்கும். அதை ஹெக்டரே இழுத்துக்கொண்டு போகும். முன்னதாகவே நெருப்பைக் கொட்டிவிட்டாலும் அதே கதைதான்.

நான் இறங்கினேன். ஏறினேன். மேல் குழாயைத் திறந்தேன், மூடினேன். இறங்கி எஞ்சினைச் சுற்றி நடந்தேன். சைலஸ் நெருப்பைச் சாம்பலால் மூடி அமுக்கினான். கதவைத் திறந்து வைத்துக் குளிர்ந்த காற்றை உள்ளே விட்டான். அப்படியும் ஆவி மேலே வால்வு வழியாகச் சீறிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அப்படியே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹெக்டரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். நடுக் குழாயில் துப்பல் துப்பலாக வந்தது.

"இதுல வெறும் ஆவி வந்தா நான் வேலிக்கு அந்தாண்ட போயிடுவேண்ணே," என்றான் சைலஸ். "எனக்கு நாலு பிள்ளைங்க."

"ஈயம் உருகும், அவ்வளவுதான். வெடிக்காது."

"ஈயத்துக்கு அது தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யார் சொல்லியும் கேட்டதில்லை. எஞ்சின் நகரத் தேவையில்லை. சக்கரம் சுற்றினால் போதும்.

இருபது வண்டிகளின் பிரேக்குகளையும் இறுக்கிக் கட்டையால் முட்டுக்கொடுத்தோம். லேசான ஏற்றம் என்பதால் சங்கிலி ஏற்கெனவே விறைத்துத்தான் இருந்தது. அச்சுகளுக்குப் பூசும் மாட்டுக் கொழுப்பை வாளியோடு எடுத்து, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் தண்டவாளத்தில் அப்பினோம். சைலஸ் ஒன்றைக் கேட்டான். முன்பக்கம் சுற்றும்போது சங்கிலி அறுந்தால் நேரே ஹெக்டருக்குள் போவோம், பின்பக்கமாகச் சுற்றினால் என்ன? அவன் கேட்டது சரிதான். ஆனால் பின்பக்கம் சுற்றி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் விட்டுக்கொடுத்ததாகிவிடும். முன்பக்கம்தான் என்றேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று அது எனக்கு நியாயமாகவே பட்டது.

கைப்பிடியைத் திறந்தேன். எஞ்சின் ஒருமுறை குலுங்கியது. பிறகு நான்கு சக்கரங்களும் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரும்பு இரும்பைத் தின்னும் சத்தம். கொழுப்பு புகைந்தது. சக்கரத்துக்கு அடியிலிருந்து பொறி பறந்தது. நாற்பது மைல் வேகத்தில் ஓடும்போது அடிப்பதுபோல ஆவி புகைபோக்கியில் படபடவென்று அடித்தது, வேலி நின்ற இடத்திலேயே நின்றது. ஓடாமல் ஓடுவதைப் பார்க்க உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பம்பு அடித்தது. கால் மணி நேரத்தில் நடுக் குழாய் தண்ணீராகக் கொட்டியது.

ரால்ஃப் மெல்லுவதை நிறுத்திவிட்டிருந்தான்.

மூன்று முறை அப்படிச் செய்தேன். அடிக்கொருதரம் கொழுப்பு அப்பினோம். மூன்றாவது முறை முடிந்தபோது சூரியன் மலைக்கு மேலே வந்திருந்தது. ரால்ஃப் தன் குழாய்களைத் திறந்து பார்ப்பதை இங்கிருந்தே பார்த்தேன். அவன் பின்னால் போக வேண்டுமானால் ஏற்றத்தில் சுமையைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்குத் தண்ணீர் மிச்சம் வேண்டும். இன்னும் அரை மணி நின்றால் அவனுக்கு அதுவும் இருக்காது. ஹெக்டருக்கு ஈய அடைப்பு கிடையாது; ஏற்றத்தின் நடுவே தண்ணீர் வற்றினால் பாய்லரும் போகும், பின்னால் வண்டிகளில் நிற்கும் பிரேக்காரர்களும் போவார்கள்.

அவன் வந்து என் எஞ்சினுக்குக் கீழே நின்றான். நான் மேலே நின்றேன்.

"ரொம்பக் கெட்டிக்காரத்தனம்," என்றான் கடைசியில். "இதை யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல."

நான் கொழுப்பு வாளியைக் கீழே வைத்தேன்.

"நீ தாண்டினதா நெசமாவே நெனைக்கிறியா மச்சான்?"

"ஆமா."

"சரி. அப்ப நான் போறேன். என் பிரேக்காரன் ஒருத்தன் போன மாசந்தான் கல்யாணம் கட்டினான்."

ஹெக்டர் மெதுவாக, பெருமூச்சு விட்டபடி, பின்னால் ஏறிப் போயிற்று. நான் வென்றுவிட்டேன். ஒதுக்குப் பாதையில் நின்ற அவனைக் கடந்து போகும்போது வழக்கம்போலக் கொம்பு ஊதவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை, குழாய்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

மறுநாள் லாங்ஸ்டாஃப் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். விசாரணை அதிக நேரம் எடுக்கவில்லை. புது எஞ்சின் வேகமானது, எனவே அதுதான் முதலில் வந்திருக்கும் என்றார். மேலும், ரால்ஃப் பின்வாங்கியிருக்கிறான். ரால்ஃப் பிரேக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை முதல் ரால்ஃப் சுரங்க வாசலில் குதிரை வண்டி ஓட்டினான். பதினாறு வயதில் விட்ட வேலை அது. ஹெக்டரை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள்.

இசபெல் என்னோடு சண்டை போடவில்லை. அன்றிரவு சூப்பு ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீ பாத்தியா அந்தக் கம்பத்த?" என்று மட்டும் கேட்டாள். கம்பமே இல்லை, எப்படிப் பார்ப்பது என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து வெளியே வரும்போது பார்னபி என் தோளைத் தட்டினார். கம்பத்தை நட்டாகிவிட்டது என்றார். என் சக்கரங்கள் சுற்றிக் குழி பறித்த தண்டவாளங்களை நாளை மறுநாள் மாற்றப்போவதாகவும், பழைய இரும்பு உலைக்குப் போகும் என்றும், அந்த நாசத்தை ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போகும்படியும் சொன்னார்.

இரண்டு மைல் நடந்தேன். பார்னபியும் புகைக்குழாயைக் கடித்தபடி கூட வந்தார். வழியெல்லாம் அவர் தன் முதுகுவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

புதுக் கம்பம் வெள்ளையடித்து நின்றது.

"இந்த இடம்தான்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தோண்டினேன். பழைய கம்பம் ஒடிஞ்சுதான் போயிருக்கு, அடிக்கட்டை உள்ளயே கெடக்கு. சுத்தி எங்கப்பா வெச்ச கல்லு, ஒண்ணு அசையல. அதுக்குள்ளயே எறக்கிட்டேன்."

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். நான்கு குழிகள் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பதியும் ஆழம், உள்ளே கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஓரத்தில் நீலம் பூத்திருந்தது. ஸ்வாலோ அந்த வியாழக்கிழமை எங்கே நின்றது என்பதை இதைவிடச் சரியாக எந்த ஆணி அடித்தும் காட்ட முடியாது.

முன் குழியிலிருந்து கம்பம் வரை அடிமேல் அடி வைத்து நடந்தேன். ஒன்பதடி. முன் சக்கரத்திலிருந்து ஸ்வாலோவின் மூக்கு நான்கடி, அதை நானே அளந்து வைத்திருக்கிறேன். அப்படியானால் கம்பத்துக்கு ஐந்தடி முன்னாலேயே நான் நின்றுவிட்டேன். என் மூக்குக்கும் ஹெக்டரின் மூக்குக்கும் நடுவே சைலஸின் மண்வாரி. நான்கடி. ரால்ஃப் கம்பத்தைத் தாண்டியிருந்தான். ஒரு அடி.

திரும்பவும் நடந்தேன். ஒன்பதடிதான்.

"எதுக்கு அளக்குற?" என்றார் பார்னபி. "தண்டவாளம் பதினஞ்சடி, அது எனக்கே தெரியும்."

அவருக்கு அந்தக் கணக்கு தோன்றவில்லை. இவ்வளவு இரும்பு வீணாயிற்றே என்பதுதான் அவர் கவலை. செவ்வாய்க்கிழமை அந்தத் தண்டவாளம் உலைக்குள் போய்விடும். அதன்பிறகு ஐந்தடியும் கிடையாது, ஒரு அடியும் கிடையாது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் வாய் திறந்து பேசுகிற ஆளும் இல்லை.

அன்று முழுவதும் நடந்தேன். வீட்டுக்குப் போனேன், வெளியே வந்தேன், கொட்டகைக்குப் போய்க் குளிர்ந்து கிடந்த ஸ்வாலோவின் பக்கத்தில் நின்றேன். செப்புக் குழாய்களின் வாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன், தேவையே இல்லை. முப்பத்தேழு வரை எண்ணியது நினைவிருக்கிறது. நான் பொய் சொல்லவில்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தாண்டிவிட்டதாகத்தான் நினைத்தேன். வேகமாக வந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். வேகமே ஒரு சாட்சி மாதிரி உள்ளே உட்கார்ந்துகொண்டு ஆமாம் ஆமாம் என்கிறது. முழுக்கத் திறந்தாலும் ஹெக்டரில் ரால்ஃப் மெதுவாகத்தான் வந்திருப்பான். அவனுக்குப் பார்க்க நேரம் இருந்தது.

திங்கட்கிழமை லாங்ஸ்டாஃப் மேல் சுரங்கத்துக்குப் போக ஸ்வாலோவில் என்னோடு ஏறினார். அதற்காகக் காத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. அவர் ஏறாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை தெரியாது. அவர் உற்சாகமாக இருந்தார். ஆவியின் இழுப்பைப் பற்றி, குறுகலான வாயை இன்னும் குறுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். சைலஸ் எனக்காகப் பதில் சொன்னான். மூன்றாவது வளைவு வந்தது. எதிரே புகை இல்லை. நான் ஆவியைக் குறைத்தேன். ஓடை, வேலி, மரம். மிக மெதுவாக. முன் சக்கரங்கள் முதல் குழிகளில் விழுந்து ஏறின. இன்னும் கொஞ்சம். நான்கு சக்கரங்களும் தங்கள் குழிகளில் ஒரே சமயத்தில் டங்கென்று இறங்கின. ஸ்வாலோ தன் படுக்கையில் படுத்த மாதிரி அசையாமல் நின்றது.

"ஏன் நிறுத்தினே?" என்றார்.

"இறங்கிக் கம்பத்தைப் பாருங்க ஐயா."

அவர் இறங்கவில்லை. அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கீழே சக்கரங்கள் புதைந்திருந்ததைப் பார்த்தார். அவரும் எஞ்சின் வேலை பார்த்து மேலே வந்தவர். முழுக் கணக்கையும் அவர் போட்டு முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். சைலஸ் தன் மண்வாரியைப் பின்னால் மறைத்துக்கொண்டான், அதுதான் குற்றவாளி என்பதுபோல.

"நாளைக்கு இந்தத் தண்டவாளம் போயிருக்கும்," என்றார் லாங்ஸ்டாஃப்.

"ஆமாங்க ஐயா."

"உனக்குப் பிறகு இதை ஓட்ட இங்க ஆள் இல்ல. அது உனக்குத் தெரியும்."

"சைலஸ் ஓட்டுவான்."

சைலஸ் இருமினான்.

மேல் குழாயைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் ஆகிவிட்டிருந்தது. என் கை போகவில்லை. லாங்ஸ்டாஃப்தான் குனிந்து திறந்தார். ஆவி சீறியது. மூடினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். உத்தரவு அவர் போட்டது. அதை அவரே எழுதி எல்லாக் கொட்டகைக் கதவுகளிலும் ஒட்டியிருந்தார்.

"இறங்கு," என்றார்.

ஸ்வாலோவைச் சைலஸ் எடுத்துக்கொண்டு போனான். குழிகளிலிருந்து ஏற முடியாமல் நான்கைந்து முறை வழுக்கியது. பிறகு ஏறிவிட்டது. புகைபோக்கியில் அது மூச்சுவாங்கும் சத்தம் மலைக்கு அப்பால் போய் அடங்கும்வரை கம்பத்தடியில் நின்றேன். பிறகு பாதையோரமாக மேலே நடக்க ஆரம்பித்தேன்.

சுரங்க வாசலுக்குக் கால் மைல் இருக்கும்போது ரால்ஃப் எதிரே வந்தான். இரண்டு குதிரைகள், பின்னால் நான்கு காலி வண்டிகள். என்னைப் பார்த்ததும் குதிரைகளை நிறுத்தினான்.

"என்ன மச்சான், நடந்து வர்ற? தண்ணி தீர்ந்துபோச்சா?"

"கம்பத்த நட்டுட்டாங்க."

அவன் முகம் மாறவில்லை. ஒரு குதிரை தலையை ஆட்டிக் கடிவாளத்தை இழுத்தது. அதன் கழுத்தைத் தட்டினான்.

"சூப்பிரண்டுகிட்ட காட்டிட்டேன். நாளைக்கு உன்னைக் கூப்பிடுவாரு."

ரால்ஃப் நெடுநேரம் பேசவில்லை. அவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நான் ஓரிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கால் அரிக்கவில்லை.

"எவ்வளவு?" என்றான்.

"ஒரு அடி."

"ஒரு அடியா?" தொப்பியைத் தள்ளிவிட்டு நெற்றியைச் சொறிந்தான். "நான் ரெண்டு கஜம்னு பைபிள் மேல சத்தியம் பண்ணியிருப்பேனே."

அவன் பின்குதிரையின் கயிற்றை அவிழ்த்து என் பக்கம் நீட்டினான். இது இடதுபக்கம் கடிக்கும், வலதுபக்கமாக வா என்றான். நான் கயிற்றை வாங்கிக்கொண்டு வலதுபக்கம் போனேன்.